சொந்த ஊர்ப் பந்தயம்

டென்னிஸைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் கிடையாது. டென்னிஸ் மட்டையை நான் கையில் எடுத்தது இரண்டே காரியத்துக்காகத்தான். ஒன்று, மழையில் நனையாமல் அதை உள்ளே கொண்டு வைக்க. இன்னொன்று, கரப்பான் பூச்சி அடிக்க. இரண்டாவது காரியத்துக்காக என் பெண்ணிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஆனால் ஒரு குட்டி டென்னிஸ் ஆட்டக்காரியின் தாயாராக ஐந்து வருஷம் உத்தியோகம் பார்த்திருக்கிறேன். விடியற்காலை நாலரை மணிக்குப் பால் காய்ச்சியிருக்கிறேன். செம்மண் கறை பிடித்த வெள்ளைக் காலுறைகளைக் கல்லில் அடித்து அடித்துத் துவைத்திருக்கிறேன். கணக்குப் பரீட்சைக்கும் கோயம்புத்தூர் பந்தயத்துக்கும் ஒரே வாரத்தில் தேதி வைத்துவிட்டார்களே என்று பிள்ளையாரிடம் சண்டை பிடித்திருக்கிறேன். அந்த உத்தியோகத்தில் பென்ஷன் கிடையாது. அனுபவம் மட்டும் உண்டு. அந்த அனுபவத்தில் ஒரு பெரிய தப்பும் உண்டு. அந்தத் தப்பு என்னவென்று எனக்கு முப்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது; அதுவும் லண்டனில், விம்பிள்டன் மைதானத்தில், ஒரு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தபோது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

* * *

1993-ஆம் வருஷம் என் பெண்ணுக்குப் பதினாலு வயது. அந்த வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பந்தயத்தில் அரை இறுதி வரை வந்துவிட்டாள். அவளுடைய தகப்பனார் துணைக்குப் போயிருந்தார். எனக்கு லீவு கிடைக்காததால் நான் போகவில்லை. அவள் ஜெயித்த செய்தி டெலிபோனில் வந்தபோது நான் அடுப்பில் வைத்திருந்த பாலை மறந்து, அது பொங்கி வழிந்து, வீடு முழுவதும் தீய்ந்த வாசனை. இருந்தாலும் மனசு முழுவதும் கற்கண்டாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து நம் சென்னையிலேயே ஒரு பெரிய ஜூனியர் பந்தயம் வந்தது. கேட்க வேண்டுமா? சொந்த ஊர், சொந்த மண், தினமும் ஓடியாடும் அதே மாதிரித் தரை. வெளியூரிலேயே அரை இறுதி வந்தவள் உள்ளூரில் கோப்பையையே தூக்கிவிட மாட்டாளா? இந்த நியாயத்தில் யாராவது குறை சொல்ல முடியுமா?

நான் சொல்லியனுப்பாத உறவுக்காரர் இல்லை. நாத்தனார் வந்தாள். சின்ன மாமனார் குடையோடு வந்தார். எதிர்வீட்டு மாமி தன் சம்பந்தியையும் அழைத்து வந்தாள். என் ஆபீஸ் சிநேகிதிகள் மூன்று பேர் அரை நாள் லீவு போட்டார்கள். மொத்தம் பதினேழு பேர். ஜெயித்த பிறகு எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எலுமிச்சம்பழ சாதமும், தயிர் சாதமும், உருளைக்கிழங்கு வறுவலும் பெரிய டிபன் காரியரில் அடைத்துக் கொண்டு போனேன்.

ஆட்டம் ஐம்பது நிமிஷம்கூட நீடிக்கவில்லை. 6-1, 6-1. எதிரே ஆடிய பெண் ஏதோ வெளியூரிலிருந்து தன் தம்பியோடு வந்தவள். அந்தத் தம்பி மட்டும் கை தட்டினான். என் பெண் அடித்த பந்தெல்லாம் வலையில் விழுந்தது. இல்லாவிட்டால் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் போயிற்று. ஒவ்வொரு தடவை பந்து விழும்போதும் எங்கள் பதினேழு பேரும் "த்சொ!" என்றோம். பதினேழு பேர் சேர்ந்து "த்சொ" என்றால் அது எப்படிக் கேட்கும் என்று நீங்களே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சின்ன மாமனார் போகும்போது, "படிப்பைப் பார்க்கச் சொல்லு" என்று உபதேசம் செய்துவிட்டுப் போனார். ஆட்டோவில் வரும்போது நான் என் பெண்ணைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டேன்: "இத்தனை பேர் வந்திருந்தாங்களே, ஒரு செட்டாவது எடுக்கக் கூடாதா?" அவள் பதில் சொல்லவில்லை. டிபன் காரியரை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்து, வாசலில் இருந்த காவற்காரரிடம் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் மட்டை பரணுக்குப் போயிற்று. பத்தாம் வகுப்பு வந்தது, பரீட்சை வந்தது, பிறகு கல்லூரி, உத்தியோகம், கல்யாணம், லண்டன். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தன. டென்னிஸ் விஷயத்தை நாங்கள் இருவரும் எடுத்ததே இல்லை.

* * *

2023 ஜூலையில் நான் லண்டனில் பெண் வீட்டில் இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "அம்மா, புடவை மேலே ஸ்வெட்டர் போட்டுக்கோ. விம்பிள்டன் போறோம்" என்றாள். பேத்திக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பள்ளிக்கூடம். மாப்பிள்ளை ஆபீசுக்குப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

ஸௌத்ஃபீல்ட்ஸ் என்ற ரயில் நிலையத்தில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் ஒரு பெரிய பூங்கா. அங்கே ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். நம் ஊர் ரேஷன் கடை வரிசையைப் பார்த்த எனக்கு அது ஒரு வரிசையாகவே படவில்லை. ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட அட்டை கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் அவரவர் புல்தரையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். இடித்துக்கொண்டு முன்னால் போக யாரும் இல்லாதபோது வரிசையில் என்ன சுவாரஸ்யம்? சாப்பாட்டை உள்ளே கொண்டு போகலாம் என்று மட்டும் சொன்னார்கள். என் கைப்பையில் எலுமிச்சம்பழ சாதம் இருந்தது. உடனே அந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

பெரிய அரங்கத்துக்கு எங்களிடம் டிக்கெட் இல்லை. ஆனால் இரண்டாவது வாரத்தில் வெளிப்புறத்து ஆட்டக்களங்களில் ஜூனியர் பந்தயம் நடக்கும். பையன்கள் அறுபத்து நாலு பேர், பெண்கள் அறுபத்து நாலு பேர். எல்லாம் பதினெட்டு வயதும் அதற்குக் கீழும். அங்கே பெஞ்சியில் உட்கார்ந்தால் ஆடுகிற குழந்தையின் மூச்சு வாங்கும் சத்தம்கூடக் கேட்கும். அவ்வளவு கிட்டே.

ஒரு களத்தில் இங்கிலாந்துப் பெண் ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது இருக்கலாம். முதலில் முப்பது பேர்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு கேம் பிரமாதமாக ஆடினாள். 'நம் ஊர்ப் பெண்ணாம்' என்று யாரோ யாரிடமோ சொல்ல, கூட்டம் சேர ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் பெஞ்சி நிறைந்து, வேலி ஓரமெல்லாம் ஜனம் நின்றது. ஸ்ட்ராபெரிக் கிண்ணத்தோடு வந்தவர்கள் சாப்பிடாமல் கை தட்டினார்கள்.

என் பெண் மெதுவாக, "இனிமேதாம்மா அவளுக்குக் கஷ்டம்" என்றாள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை. அடுத்த பந்து வலையில் விழுந்தது. கூட்டம் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. அந்தச் சத்தத்தை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது.

* * *

களம் மாறும்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் சற்று நேரம் உட்காருவார்கள் அல்லவா? அந்த இடைவெளிகளில் என் பெண் எனக்கு விஷயங்களைச் சொன்னாள். டென்னிஸை அவள் பரணில் போடவில்லை, மட்டையை மட்டும்தான் போட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அத்தனையும் விரல் நுனியில் வைத்திருந்தாள்.

விம்பிள்டனில் பெரியவர்கள் பந்தயத்தில் 128 பேர் ஆடுவார்கள். பெரும்பாலோர் உலகத் தரவரிசையின்படி வருகிறவர்கள். பதினாறு பேர் தகுதிச் சுற்றில் ஜெயித்து வருகிறவர்கள். மீதி எட்டு இடம் வரை பந்தயம் நடத்துகிறவர்கள் இஷ்டப்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம். அதற்கு வைல்ட் கார்டு என்று பெயர். அதில் பெரும் பங்கு உள்ளூர்க் குழந்தைகளுக்குத்தான் போகும். கல்யாணப் பந்தியில் நாம் தெருவில் காத்துக்கொண்டிருக்கும்போது, பெண் வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒருவரை முதல் வரிசையில் உட்கார வைப்பார் பாருங்கள், அந்த மாதிரி. உட்கார்ந்தவருக்கு உபசாரம் நடக்கும். ஆனால் ஊர்க் கண் முழுவதும் அவர் இலை மேல்தான் இருக்கும்.

பணமும் சாமானியம் இல்லை. 2023-இல் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்குக்கூட 55,000 பவுன் கொடுத்தார்கள். பயிற்சியாளர் சம்பளம், விமான டிக்கெட் என்று திண்டாடுகிற குடும்பத்துக்கு அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் அந்த வரத்தோடு எதிரே வந்து நிற்பவர் உலகத்தின் முதல் நூறு பேரில் ஒருவராக இருப்பார். குழந்தை இன்னும் குழந்தைகளோடு ஆடிப் பழகியதாக இருக்கும்.

லாரா ராப்ஸன் என்ற பெண்ணின் கதையைச் சொன்னாள். 2008-இல் பதினாலே வயதில் விம்பிள்டனில் சிறுமியர் பட்டத்தை ஜெயித்தவர் அவர். 1984-இல் அனபெல் கிராஃப்ட் ஜெயித்ததற்குப் பிறகு எந்த இங்கிலாந்துப் பெண்ணுக்கும் கிட்டாத பட்டம் அது. (அந்த கிராஃப்ட் இருபத்தொரு வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டவர்.) மறுநாள் பத்திரிகையெல்லாம் ராப்ஸன் படம்தான். அடுத்த வருஷமே வைல்ட் கார்டு. பதினைந்து வயதில் டானியலா ஹந்துச்சோவா என்ற தேர்ந்த ஆட்டக்காரியோடு மோதி, முதல் செட்டை எடுத்து, பிறகு தோற்றார்.

அவர் ஆட்டம் சோடை போகவில்லை. 2012 ஒலிம்பிக்கில் ஆண்டி மர்ரியோடு சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெள்ளிப் பதக்கம். 2013-இல் விம்பிள்டன் நாலாவது சுற்று. உலகத்தில் இருபத்தேழாவது இடம். அப்போது வயது பத்தொன்பது. அடுத்த வருஷம் மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை. பிறகு இடுப்பில். 2022-இல் இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றுவிட்டார்.

"பாவம், தோத்துப் போயிட்டாளே" என்றேன்.

"எங்கேம்மா தோத்தா? உலகத்திலே இருபத்தேழாவது இடம்! நம்ம தெருவிலே இருபத்தேழாவதா வர முடியுமா நம்மாலே? பதினாலு வயசிலே ஊரே சேர்ந்து 'நீதான் அடுத்த ராணி'ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் எதைச் செஞ்சாலும் குறைச்சலாத்தான் தெரியும்" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ராப்ஸன் இப்போது டெலிவிஷனில் ஆட்டங்களை வர்ணிக்கிறார். 2025-இல் லண்டன் குவீன்ஸ் கிளப்பில் பெண்கள் பந்தயம் ஐம்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு மறுபடி நடந்தபோது, அதை முன்னின்று நடத்திய இயக்குநர் அவரே.

பையன்கள் சமாசாரம் இன்னும் வேடிக்கை. 1962-இல் ஸ்டான்லி மாத்யூஸ் என்ற பையன் சிறுவர் பட்டத்தை ஜெயித்தான். புகழ் பெற்ற கால்பந்து வீரர் ஸர் ஸ்டான்லி மாத்யூஸின் மகன். அதற்குப் பிறகு, நாங்கள் அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த செவ்வாய்க்கிழமை வரை, ஓர் இங்கிலாந்துப் பையனும் அந்தப் பட்டத்தைத் தொடவில்லை. விம்பிள்டன் அவர்கள் வீட்டு முற்றம்! அதில் அறுபத்தொரு வருஷமாக அயலூர்ப் பையன்களே வந்து கோலம் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த அயலூர்ப் பையன்களில் நம்முடையவர்களும் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1954-இல் நம் ராமநாதன் கிருஷ்ணன் இதே சிறுவர் பட்டத்தை ஜெயித்தார். ஆசியாவிலிருந்து வந்து அதை ஜெயித்த முதல் பையன் அவரே. இறுதி ஆட்டத்தில் அவரிடம் தோற்ற ஆஷ்லி கூப்பர் என்ற ஆஸ்திரேலியப் பையன் 1958-இல் பெரியவர்கள் பட்டத்தையே ஜெயித்தார் என்றால், நம் பையன் எப்பேர்ப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1960-லும் 1961-லும் கிருஷ்ணன் பெரியவர்கள் பந்தயத்தில் அரை இறுதி வரை வந்தார். 1979-இல் அவருடைய மகன் ரமேஷ் அப்பா ஜெயித்த அதே சிறுவர் பட்டத்தை ஜெயித்தார். கிருஷ்ணனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தகப்பனார். ரமேஷுக்கும் ஆட்டம் வீட்டுச் சொத்து. ஆனால் விம்பிள்டன் மைதானத்தில் அவர்களைச் சுற்றி நாத்தனாரும் சின்ன மாமனாரும் உட்கார்ந்து "த்சொ" சொல்லவில்லை. இது என் பெண் சொன்னதல்ல. நானாகவே அந்தச் சமயத்தில் நினைத்துக்கொண்டது. நினைத்தவுடன் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

* * *

"எம்மா ரடுகானு தெரியுமில்லையா?" என்றாள் என் பெண்.

அவரை எனக்கும் தெரியும். டெலிவிஷனில் பார்த்திருக்கிறேன். 2021 கோடையில் பள்ளி இறுதிப் பரீட்சையை முடித்துவிட்டு, வைல்ட் கார்டு வாங்கிக்கொண்டு விம்பிள்டனுக்கு வந்த பதினெட்டு வயதுப் பெண். தரவரிசையில் 338-ஆவது இடம். மூன்று சுற்று ஜெயித்தார். நாலாவது சுற்று வந்தபோது இங்கிலாந்து தேசமே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டது. பாதி ஆட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு விட முடியவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியேறினார். அவருக்கு மனத் திடம் போதாது என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே பெண் நியூயார்க் போனார். அமெரிக்கப் பந்தயத்தில் வைல்ட் கார்டும் கிடையாது. தகுதிச் சுற்றிலிருந்து ஆட வேண்டும். கோவிட் காலக் கட்டுப்பாட்டினால் தாய் தகப்பனாரும் கூட வர முடியவில்லை. பத்து ஆட்டம் ஆடினார். பத்திலும் ஜெயித்தார். ஒரு செட்கூட இழக்கவில்லை. தகுதிச் சுற்றிலிருந்து வந்து ஒரு பெரிய பட்டத்தை ஜெயித்தவர், ஆணோ பெண்ணோ, அதுவரை ஒருவரும் இல்லை.

"அம்மா அப்பா கூட வராததாலேதான் ஜெயிச்சாளோ?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். ஆனால் என் குரல் எனக்கே சரியாக இல்லை.

"அப்படி இல்லேம்மா" என்று அவள் சிரித்தாள். "ஆண்டி மர்ரியைப் பாரு. அவன் அம்மா ஜூடிதான் அவனுக்கு முதல் வாத்தியார். எல்லா ஆட்டத்துக்கும் வந்து உட்காருவாங்க."

மர்ரி 2005-இல் பதினெட்டு வயதில் வைல்ட் கார்டோடு முதல் தடவை விம்பிள்டன் ஆடினார். மூன்றாவது சுற்றில் டேவிட் நல்பாண்டியன் என்ற அர்ஜென்டைனாக்காரரிடம் இரண்டு செட் முன்னால் இருந்து, கால் பிடித்துக்கொண்டு, ஐந்து செட்டில் தோற்றார். 2012-இல் இறுதி ஆட்டத்தில் ஃபெடரரிடம் தோற்று, மைக் முன்னால் நின்று அழுதேவிட்டார். அடுத்த மாதமே அதே புல்தரையில் ஒலிம்பிக் தங்கம், 2013-இல் பட்டம். 1936-இல் ஃபிரெட் பெர்ரி ஜெயித்த பிறகு எழுபத்தேழு வருஷம் இங்கிலாந்து ஜனங்கள் காத்திருந்த பட்டம். மர்ரிக்கோ முதல் தோல்விக்கும் பட்டத்துக்கும் நடுவே எட்டு வருஷம்.

"எட்டு வருஷம் அவனுக்குக் கிடைச்சது. அதுதான் விஷயம். தோத்த அன்னிக்கு ராத்திரியும் அவனுக்கு வீட்டிலே சாப்பாடு இருந்திருக்கும்" என்றாள்.

சாப்பாட்டைப் பற்றி அவள் எதற்காகச் சொன்னாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

* * *

களத்தில் அந்த இங்கிலாந்துப் பெண் தோற்றுவிட்டாள். இரண்டு செட்டும் போயிற்று. கூட்டம் மரியாதையாகக் கை தட்டிவிட்டு, இரண்டே நிமிஷத்தில் கரைந்து போயிற்று. ஜனங்களைக் குறை சொல்வதற்கில்லை. பக்கத்துக் களத்தில் வேறு ஆட்டம் இருந்தது.

பெண் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. வாசலில் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் தாயாராகத்தான் இருக்க வேண்டும். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கம்பளிச் சட்டையை அவள் தோளில் போட்டாள். பையிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து கையில் கொடுத்தாள். அந்தப் பெண் நடந்துகொண்டே அதிலிருந்து எதையோ எடுத்துச் சாப்பிட்டாள். இரண்டு பேரும் கூட்டத்தில் மறைந்து போனார்கள்.

என் பெண் வெகு நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அம்மா, அன்னிக்கு எனக்கு ரொம்பப் பசிம்மா."

எனக்கு ஒரு க்ஷணம் ஒன்றும் விளங்கவில்லை.

"காலையிலே பயத்திலே ஒண்ணும் சாப்பிடலை. ஆட்டம் முடிஞ்சதும் பசி. தோத்தது கஷ்டமாத்தான் இருந்தது, இல்லேங்கலை. ஆனா கோயம்புத்தூர்லேயும் ஒரு ஆட்டம் தோத்தேனே, அன்னிக்கு அப்பா ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு தோசை வாங்கிக் கொடுத்தார். இங்கே நீ அந்தக் காரியரைத் திறக்கவே இல்லை. ஆட்டோவிலே என் கால் பக்கத்திலேதான் இருந்தது. எலுமிச்சம்பழ வாசனை வந்துக்கிட்டே இருந்தது. அது ஜெயிச்சா சாப்பிடறதுக்குன்னு வச்சது, தோத்தவளுக்கு இல்லைன்னு நினைச்சுக்கிட்டேன். கேட்க வெட்கமா இருந்தது. வீட்டுக்கு வந்ததும் நீ அதைக் காவற்காரர்கிட்டே கொடுத்திட்டே."

சகோதரிகளே, நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சாதத்தை நான் அவளுக்கு மறுக்கவில்லை. மறந்தே போனேன். பதினேழு பேர் முன்னால் எனக்கு ஏற்பட்ட அவமானத்தில் மூழ்கி, என் குழந்தைக்குப் பசிக்கும் என்பதை மறந்தேன். மறுத்திருந்தால்கூட அது கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். பெற்ற தாய் மறந்தாள் என்பதற்கு என்ன பெயர் வைப்பது?

என் கைப்பையைத் திறந்தேன். டப்பாவை எடுத்து அவளிடம் கொடுத்தேன். நாற்பத்து நாலு வயதுப் பெண், ஆபீசில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவள், அந்த விம்பிள்டன் பெஞ்சியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழ சாதத்தைக் கையால் எடுத்துச் சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தி எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தாள். நானும் புன்னகை செய்ய முயன்றேன். முடியவில்லை.

* * *

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 16-ஆம் தேதி, வீட்டில் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஹென்ரி ஸேர்ல் என்ற பதினேழு வயதுப் பையன், உல்வர்ஹாம்டன் ஊர்க்காரன், இடது கை ஆட்டக்காரன், ரஷ்யப் பையன் ஒருவனை 6-4, 6-4 என்று ஜெயித்தான். அறுபத்தொரு வருஷத்து விரதம் முடிந்தது! பேத்தி குதித்தாள். என் பெண்ணும் கை தட்டினாள். ஆனால் உடனே, "பாவம், இனிமே இவனையும் விட மாட்டாங்க" என்றாள்.

அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. 2024-இல் அந்தப் பையனுக்கு வைல்ட் கார்டு கொடுத்தார்கள். பெரியவர்கள் பந்தயத்தில் முதல் ஆட்டத்திலேயே தோற்றான். தோற்றால் என்ன? மர்ரிக்கு எட்டு வருஷம் ஆகவில்லையா?

இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 2011-இல் விம்பிள்டன் சிறுமியர் பட்டத்தைப் பதினைந்து வயதில் ஜெயித்த ஆஷ்லி பார்ட்டி ஆஸ்திரேலியப் பெண். அவருக்குச் சொந்த ஊர்ப் பந்தயம் மெல்போர்னில். 2012, 2013, 2014 என்று மூன்று வருஷமும் அங்கே முதல் ஆட்டத்திலேயே தோல்வி. 2014-இல் டென்னிஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார். நம் வீடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'இவ்வளவு செலவு செய்தோமே' என்று ஒரு புலம்பல், 'ஊரார் முகத்தில் எப்படி விழிப்பேன்' என்று ஒரு புலம்பல். அவரோ கிரிக்கெட் ஆடப் போனார்! பிரிஸ்பேன் கோஷ்டியில் ஒரு பருவம் ஆடினார். 2016-இல் தானாகவே மட்டையைத் தேடித் திரும்பி வந்தார். 2021-இல் விம்பிள்டன். 2022 ஜனவரியில் மெல்போர்ன். 1978-க்குப் பிறகு, நாற்பத்து நாலு வருஷம் கழித்து, சொந்த நாட்டார் ஒருவர் அந்த ஒற்றையர் பட்டத்தை ஜெயித்தது அப்போதுதான்.

குழந்தைகள் மேல் பாரம் ஏறுகிறது என்பது டென்னிஸ் உலகத்துக்கே தெரிந்த விஷயம்தான். ஜெனிஃபர் காப்ரியாத்தி என்ற அமெரிக்கச் சிறுமி 1990-இல் பதினாலு வயது முடியும் முன்பே தொழில்முறை ஆட்டத்தில் இறங்கி, சில வருஷத்தில் மனம் நொந்து விலகிப் போனார். அதன் பிறகு 1995-இல் பெண்கள் டென்னிஸ் சங்கம் ஒரு விதி செய்தது: பதினெட்டு வயது ஆகும்வரை, வருஷத்துக்கு இத்தனை பந்தயம்தான் ஆடலாம் என்று வயதுக்குத் தகுந்தபடி ஒரு கணக்கு. காப்ரியாத்தியும் பின்னால் திரும்பி வந்து 2001-இல் மெல்போர்ன் பட்டத்தை ஜெயித்தார்.

சங்கம் பந்தயத்துக்குக் கணக்கு வைத்துவிட்டது. எத்தனை உறவுக்காரர் வரலாம் என்று ஒரு கணக்கு வைத்தால் தேவலை. அதை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

* * *

என் பேத்திக்கு இப்போது மட்டை மேல் ஆசை வந்திருக்கிறது என்று சொன்னேனோ? சொல்லவில்லை. அந்த ஊரில் சிறு குழந்தைகளுக்கு வேகம் குறைந்த பந்தைத்தான் கொடுக்கிறார்கள். முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு பச்சை. அதெல்லாம் தாண்டினால்தான் பெரியவர்கள் பந்து. நல்ல ஏற்பாடு. பெரியவர்கள் எதிர்பார்ப்புக்கும் இப்படிக் கலர் வைத்துக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நான் சென்னைக்குத் திரும்புவதற்கு முந்தின சனிக்கிழமை, வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் குழந்தைகளுக்கு ஒரு பந்தயம். ஆரஞ்சுப் பந்துப் பந்தயம். தெரிந்தவர்கள் நாலைந்து பேர், "நாங்களும் வரட்டுமா?" என்று கேட்டார்கள். "வேண்டாம், வெயிலாக இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். லண்டனில் வெயிலா என்று அவர்கள் ஆச்சரியப்பட்டிருப்பார்கள்.

நானும் என் பெண்ணும் மட்டும் போனோம். பேத்தி நாலு ஆட்டம் ஆடினாள். என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அப்போது டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஊர் டப்பாக்கள் லேசில் திறக்காது.

அவள் வியர்வையோடு ஓடி வந்து பெஞ்சியில் உட்கார்ந்தாள். "பாட்டி, நான்..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"முதல்லே சாப்பிடு" என்றேன்.